கடைசித் துளியில் எத்தனை?

பிளஸ் ஒன் வேதியியல் புத்தகத்தின் முதல் பாடத்திலேயே அவகாட்ரோ எண் வந்துவிடுகிறது: 6.022 × 10²³. பத்தாம் வகுப்பில் ஏற்கெனவே பார்த்த எண்தான் என்பதால் யாரும் திடுக்கிடுவதில்லை. ஒரு மதிப்பெண் கேள்விக்கு விடையாகவும், கணக்கில் பெருக்கவோ வகுக்கவோ வேண்டிய சங்கதியாகவும் அது மனதில் பதிந்துவிடுகிறது. நிறையை மோலார் நிறையால் வகுத்தால் மோல். மோலை அவகாட்ரோ எண்ணால் பெருக்கினால் மூலக்கூறுகளின் எண்ணிக்கை. பாடம் முடிந்து அடுத்ததற்குப் போய்விடுவார்கள். மோல் கணக்கு என்றாலே ஒரு கலக்கம் மட்டும் மிஞ்சும்.

அதே பிள்ளைகள் பிளஸ் டூ ஆய்வகத்தில் பியூரெட்டைப் பிடித்து நிற்கும்போது வேறு மாதிரி. டைட்ரேஷன் பிடிக்காத மாணவரை நான் அதிகம் பார்த்ததில்லை. நிறம் மாறுகிறது, கைக்கு வேலை இருக்கிறது, முழு மதிப்பெண்ணும் எடுக்கலாம். ரீடிங்கை எடுத்து ‘வி ஒன் என் ஒன் சமம் வி டூ என் டூ’ என்ற சூத்திரத்தில் போட்டால் விடை வந்துவிடும். இதில் மோல் என்ற சொல்லே எழுவதில்லை. முதல் பாடத்தில் பயந்த அந்தக் கணக்கைத்தான் இப்போது கையால் செய்துகொண்டிருக்கிறோம் என்று யாரும் சொல்வதுமில்லை. மோலைக் கரும்பலகையில் தொடங்குவதைவிடப் பியூரெட்டில் தொடங்கினால் பாதி பயம் தெளியும் என்பது என் எண்ணம். டைட்ரேஷன் என்பது எண்ணும் வேலை. கண்ணுக்குத் தெரியாத பொருளை ஒவ்வொன்றாக எண்ண முடியாததால் மொத்தமாக எண்ணுகிறோம்.

தமிழ்நாட்டு மேல்நிலைப் பள்ளிகளில் பல காலமாகச் செய்துவரும் ஒரு டைட்ரேஷனையே எடுத்துக்கொள்வோம். பியூரெட்டில் பொட்டாசியம் பெர்மாங்கனேட். குடுவையில் ஆக்சாலிக் அமிலம். பிப்பெட்டால் 20 மில்லி ஆக்சாலிக் அமிலத்தை உறிஞ்சிக் கோனிக்கல் குடுவையில் விட வேண்டும். ஏறக்குறைய அதே அளவு நீர்த்த கந்தக அமிலம் சேர்க்க வேண்டும். பிறகு பர்னரில் வைத்து 60, 70 டிகிரி வரை சூடாக்க வேண்டும். கொதிக்க விடக் கூடாது, ஆக்சாலிக் அமிலம் சிதைந்துபோகும். சுடச்சுட எடுத்துப் பியூரெட்டுக்குக் கீழே வெள்ளை ஓட்டின் மேல் வைத்துக் குழாயைத் திருகினால் முதல் துளி விழும்.

அந்த முதல் துளியில்தான் பலர் பயந்துபோவார்கள். குடுவை இளஞ்சிவப்பாகி அப்படியே நிற்கும். ஒரே துளியில் முடிந்துவிட்டதா, குடுவையில் அமிலமே இல்லையா என்று பக்கத்து மேசையைப் பார்ப்பார்கள். சில நொடி பொறுத்து, ஆட்டிக்கொண்டே இருந்தால் நிறம் மறையும். இரண்டாவது துளி கொஞ்சம் சீக்கிரம் மறையும். பத்துத் துளி போனபின் விழுந்த மாத்திரத்தில் காணாமல் போகும். சூட்டில் எந்த மாற்றமும் இல்லை, ஆனாலும் வேகம் கூடுகிறது. பெர்மாங்கனேட் வினைபுரிந்து உண்டாகும் மாங்கனீஸ் அயனியே அந்த வினைக்கு வினையூக்கியாக வேலை செய்வதுதான் காரணம். முதல் துளி விழும்போது வினையூக்கி இல்லை. முதல் துளிதான் அதைத் தயாரிக்கிறது. தன் விளைபொருளாலேயே வேகம் பெறும் இத்தகைய வினைகளுக்குத் தன் வினையூக்கம் என்று பாடப்புத்தகம் பெயர் சொல்கிறது. ஆனால் அந்தப் பெயர் வரும் பக்கமும் இந்த முதல் துளியும் மாணவரின் மனதில் சேர்வதே இல்லை.

அவசரப்பட்டு வேகமாக விட்டாலோ, கந்தக அமிலம் குறைந்துபோனாலோ குடுவை பழுப்பாகக் கலங்கிவிடும். அது மாங்கனீஸ் டை ஆக்சைடு. கொட்டிவிட்டு மறுபடி தொடங்க வேண்டியதுதான். கையில் பெர்மாங்கனேட் பட்டால் விழும் பழுப்புக் கறையும் இதுவே. சோப்புக்கு அசையாது. ஆய்வகத்திலேயே இருக்கும் நீர்த்த ஆக்சாலிக் அமிலத்தில் தடவிக் கழுவினால் போய்விடும். கந்தக அமிலத்துக்குப் பதில் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஏன் சேர்க்கவில்லை என்று வைவாவில் கேட்பார்கள். அதிலுள்ள குளோரைடையும் பெர்மாங்கனேட் ஆக்சிஜனேற்றி விடும் என்பது விடை. எண்ண வேண்டிய கூட்டத்துக்குள் வேறு ஆட்கள் புகுந்துவிட்டால் எண்ணிக்கை தப்பிவிடும் அல்லவா? நைட்ரிக் அமிலமும் உதவாது. அதுவே ஒரு ஆக்சிஜனேற்றி.

பெர்மாங்கனேட் கரைசல் அடர் ஊதா என்பதால் பியூரெட்டில் அதன் கீழ்ப் பிறை தெரியாது, மேல் விளிம்பைத்தான் படிக்க வேண்டும். மூன்று முறை செய்து ஒத்த அளவு வர வேண்டும். ஒரு ரீடிங்கைப் பியூரெட்டிலும் மற்ற இரண்டைப் பேனாவிலும் எடுப்பவர்கள் எல்லாப் பள்ளியிலும் உண்டு. அந்தக் கதையை விட்டுவிடுவோம்.

இப்போது எண்ணலாம். குடுவையில் இருப்பது 0.1 நார்மல் ஆக்சாலிக் அமிலம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு லிட்டர் தண்ணீரில் 6.3 கிராம் படிகம் கரைத்தது. 20 மில்லியில் 0.126 கிராம் இருக்கும். ஆக்சாலிக் அமிலப் படிகத்தின் மோலார் நிறை 126 கிராம். ஆக, குடுவையில் இருப்பது ஒரு மோலில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் கணக்கில் சொன்னால் 60 லட்சம் கோடி கோடி மூலக்கூறுகள். பியூரெட்டிலும் 0.1 நார்மல் கரைசல் இருந்தால் சரியாக 20 மில்லி இறங்கும்போது நிறம் நிற்கும். அந்த 20 மில்லியில் இருந்த பெர்மாங்கனேட் அயனிகள் 24 லட்சம் கோடி கோடி. 24-க்கு 60. அதாவது 2-க்கு 5.

இந்த இரண்டும் ஐந்தும் எங்கிருந்து வந்தன? பெர்மாங்கனேட்டில் மாங்கனீஸின் ஆக்சிஜனேற்ற எண் +7. வினை முடிந்தபின் +2. ஆக ஒவ்வொரு அயனியும் ஐந்து எலக்ட்ரான்களை வாங்குகிறது. ஆக்சாலிக் அமில மூலக்கூறு ஒவ்வொன்றும் இரண்டு எலக்ட்ரான்களைக் கொடுத்துவிட்டுக் கார்பன் டை ஆக்சைடாகப் போகிறது. வாங்குவதும் கொடுப்பதும் நேராக வேண்டுமானால் இரண்டு பெர்மாங்கனேட்டுக்கு ஐந்து ஆக்சாலிக் அமிலம். இதில் பேரமே கிடையாது.

எடையைப் பார்த்தால் இந்த உறவு தெரியவே தெரியாது. 2 மோல் பொட்டாசியம் பெர்மாங்கனேட் 316 கிராம். 5 மோல் ஆக்சாலிக் அமிலப் படிகம் 630 கிராம். தராசை மட்டும் நம்பும் ஒருவர் ஒன்றுக்கு இரண்டு என்ற விகிதம் ஏறக்குறைய கிடைத்துவிட்டதே என்று மகிழ்ந்துபோவார். அது தற்செயல். ஹார்டுவேர் கடையில் ஆணியும் திருகாணியும் எடைக்குத்தான் கிடைக்கும். ஆனால் தச்சருக்கு ஒரு கீலுக்கு ஆறு திருகாணி என்று எண்ணிக்கையில் வேண்டும். எது எத்தனை கிராம் என்று தெரிந்தால்தான் எடையை எண்ணிக்கையாக மாற்ற முடியும். மோல் செய்யும் வேலை அதுதான். தராசில் நிறுத்துவிட்டு, எண்ணிக்கையில் பேசுவதற்கு வழி செய்கிறது.

நம் ஆய்வகங்களில் புழங்கும் நார்மாலிட்டி இந்த இடத்தில் ஒரு குறும்பு செய்கிறது. பெர்மாங்கனேட்டின் மோலார் நிறையை ஐந்தாலும் ஆக்சாலிக் அமிலத்தினுடையதை இரண்டாலும் முன்கூட்டியே வகுத்துச் சமான நிறை என்று வைத்துவிடுகிறது. அதனால் சூத்திரத்தில் இரண்டும் ஐந்தும் தென்படுவதில்லை, இருபுறமும் சமமாகிவிடுகிறது. கணக்குப் போடச் சுலபம், மறுக்கவில்லை. ஆனால் எலக்ட்ரான்கள் கை மாறிய செய்தி அதற்குள் புதைந்துபோகிறது. சிபிஎஸ்இ பள்ளிகளில் இதே சோதனையை மோலாரிட்டியில் செய்கிறார்கள். அங்கே சூத்திரத்திலேயே இரண்டும் ஐந்தும் எழுதியாக வேண்டும். கொஞ்சம் கூடுதல் எழுத்து வேலைதான், ஆனால் அது நல்ல வேலை என்பேன்.

சரி, எண்ணிக்கை, எண்ணிக்கை என்கிறோம். ஒரு மூலக்கூறில் எந்த அணு எத்தனை இருக்கிறது என்று முதலில் யாருக்குத் தெரிந்தது? தண்ணீர் எச் டூ ஓ என்று இன்று ஆறாம் வகுப்புக் குழந்தையும் சொல்லும். அதை முடிவு செய்ய ஐரோப்பிய வேதியியலுக்கு அரை நூற்றாண்டு பிடித்தது.

ஜான் டால்டன் 1808-இல் தன் நூலில் அணுக்கொள்கையை விரிவாக எழுதியபோது, இரண்டு தனிமங்கள் சேர்ந்த ஒரே ஒரு சேர்மம்தான் தெரியும் என்றால் ஒன்றுக்கு ஒன்று சேர்ந்ததாகவே கொள்ள வேண்டும் என்று விதி வகுத்தார். ஆகவே தண்ணீரில் ஒரு ஹைட்ரஜன், ஒரு ஆக்சிஜன். ஹைட்ரஜனின் எடையை 1 என்று வைத்தால் ஆக்சிஜனுக்கு 7 என்று போட்டார். இன்னும் துல்லியமாக நிறுத்திருந்தால் 8 வந்திருக்கும். ஹைட்ரஜன் இரண்டு என்று கொண்டால் ஆக்சிஜனின் எடை 16 ஆகிவிடும். எது சரி? தண்ணீரை எவ்வளவு துல்லியமாக நிறுத்தாலும் தராசு இதற்கு விடை சொல்லாது. அணுவின் எடை தெரிந்தால் எண்ணிக்கை தெரியும், எண்ணிக்கை தெரிந்தால் அணுவின் எடை தெரியும். இரண்டும் தெரியாது.

முடிச்சை அவிழ்க்கும் நுனி வாயுக்களில் இருந்தது. டால்டன் நூல் வந்த அதே ஆண்டு பிரான்ஸில் கே-லுசாக், வாயுக்கள் சேரும்போது அவற்றின் பருமன்கள் எளிய முழு எண் விகிதத்தில் இருப்பதைக் காட்டினார். இரண்டு பங்கு ஹைட்ரஜன், ஒரு பங்கு ஆக்சிஜன், கிடைப்பது இரண்டு பங்கு நீராவி. 1811-இல் இத்தாலியில் அமடியோ அவகாட்ரோ, சட்டம் படித்துவிட்டு அறிவியலுக்கு வந்தவர், துணிந்து ஒன்றைச் சொன்னார். ஒரே வெப்பத்திலும் அழுத்தத்திலும் சம பருமனுள்ள எந்த வாயுவிலும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை சமம். அப்படியானால் ஒரு பங்கு ஆக்சிஜன் இரண்டு பங்கு நீராவியில் பரவ வேண்டும். ஒவ்வொரு ஆக்சிஜன் மூலக்கூறும் இரண்டாகப் பிரிந்தால்தான் அது நடக்கும். ஆக ஆக்சிஜன் மூலக்கூறில் இரண்டு அணுக்கள். தண்ணீர் எச் டூ ஓ.

இவ்வளவு அழகான வாதத்தை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அக்காலத்தில் செல்வாக்காக இருந்த பெர்சீலியஸின் கொள்கைப்படி எதிரெதிர் மின்தன்மை கொண்ட அணுக்கள்தான் ஒன்றோடொன்று சேரும். ஆக்சிஜனும் ஆக்சிஜனும் எப்படிச் சேரும்? டால்டனும் ஏற்கவில்லை. விளைவு, ஆளுக்கொரு அணு எடை, ஆளுக்கொரு வாய்பாடு. வினிகரில் இருக்கும் அசிட்டிக் அமிலத்துக்கு அப்போது புழக்கத்தில் இருந்த 19 வாய்பாடுகளைக் கெக்குலே 1861-இல் தன் பாடநூலில் வரிசையாக அடுக்கிக் காட்டியிருக்கிறார். இன்று மோல் கணக்கில் தடுமாறும் பிள்ளைகளுக்கு இந்தப் பக்கத்தை யாராவது காட்டினால் ஆறுதலாக இருக்கும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்கத்தான் 1860 செப்டம்பரில் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூயில் நூற்றுக்கும் மேற்பட்ட வேதியியலாளர்கள் கூடினார்கள். மூன்று நாள் பேசினார்கள், முடிவெடுக்கவில்லை. கலையும்போது ஸ்தனிஸ்லாவோ கன்னிசாரோ எழுதிய ஒரு சிறு பிரசுரத்தை அவருடைய நண்பர் எல்லோர் கையிலும் கொடுத்தனுப்பினார். அவகாட்ரோவின் கருத்தை வைத்து அணு எடைகளை எப்படி ஒழுங்காகக் கண்டுபிடிப்பது என்று அதில் இருந்தது. வாங்கிப் போனவர்களில் ஒருவர் மெண்டலீவ். தனிம வரிசை அட்டவணை 1869-இல் வந்தது. அணு எடைகள் தாறுமாறாக இருந்திருந்தால் அந்த வரிசை அமைந்திருக்காது. அவகாட்ரோ இவை எதையும் பார்க்கவில்லை. 1856-இலேயே காலமாகிவிட்டார். தன் பெயரில் இருக்கும் எண்ணையும் அவர் கணக்கிட்டதில்லை.

எண்ணிக்கை சமம் என்று தெரிந்தாயிற்று. எத்தனை என்பதை நம்பும்படி காட்டியவர் ழான் பெரன். 1908-ஐ ஒட்டிப் பாரிஸில் அவர் எடுத்த சரக்கு காம்போஜ் என்னும் மஞ்சள் பிசின், ஓவியர்கள் வண்ணத்துக்குப் பயன்படுத்தியது. நம் மீன் குழம்பில் போடும் குடம்புளி எந்த மரப் பேரினத்தைச் சேர்ந்ததோ அதே பேரினத்து மரங்களிலிருந்து வடிவது. அதைத் தண்ணீரில் தேய்த்தால் நுண்ணிய உருண்டைகள் கிடைக்கும். ஒரே அளவுள்ள உருண்டைகளைப் பிரித்தெடுக்க ஒரு கிலோ பிசினோடு பல மாதம் போராடி, கடைசியில் ஒரு கிராம்கூடத் தேறாமல் சில டெசிகிராம் மட்டும் பெற்றார்.

பிறகு ஒரு சொட்டை நுண்ணோக்கியின் கீழ் வைத்து, எந்த உயரத்தில் எத்தனை உருண்டை என்று எண்ணினார். தண்ணீரில் 30 மைக்ரான் மேலே போனால் உருண்டைகளின் எண்ணிக்கை ஏறத்தாழப் பாதியானது. நம்மைச் சுற்றியுள்ள காற்றும் இப்படித்தான் மேலே போகப்போக நைந்துபோகிறது. ஆனால் அது பாதியாவதற்கு ஏறக்குறைய ஐந்தரை கிலோமீட்டர் ஏற வேண்டும். எவ்வளவு கனமான துகளோ அவ்வளவு சீக்கிரம் எண்ணிக்கை குறையும். ஐந்தரை கிலோமீட்டரை 30 மைக்ரானால் வகுத்தால் சுமார் 18 கோடி வருகிறது. தண்ணீரின் மிதப்பு விசையைக் கழித்தபின் மிஞ்சும் உருண்டையின் எடை, காற்று மூலக்கூறைப்போல 18 கோடி மடங்கு. உருண்டையின் எடையை அளந்துவிடலாம். ஆகவே மூலக்கூறின் எடையும் தெரிந்துவிட்டது, அதிலிருந்து மோலின் எண்ணிக்கையும். பெரனுக்கு இந்த வழியில் கிடைத்தது 6.8 × 10²³ அளவில். பிசினையும் நுண்ணோக்கியையும் வைத்துக்கொண்டு இவ்வளவு நெருங்கியதை என்னவென்று சொல்வது! அந்த எண்ணுக்கு அவகாட்ரோவின் பெயரை வைத்ததும் அவர்தான். 1926-இல் இயற்பியல் நோபல் பரிசு வாங்கினார். மோல் என்ற அலகை வேதியியலுக்குக் கொண்டுவந்த வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்ட், அணு என்று ஒன்று உண்மையில் உண்டா என்று நெடுங்காலம் சந்தேகித்தவர். பெரனின் சோதனைகள் போன்றவற்றைப் பார்த்த பிறகுதான் இறங்கி வந்தார்.

இந்தக் கதை அண்மையில் இன்னொரு திருப்பம் கண்டது. 12 கிராம் கார்பன்-12-இல் எத்தனை அணுக்களோ அத்தனை என்பதுதான் 1971 முதல் மோலின் வரையறை. ஆகவே அவகாட்ரோ எண் அளந்து கண்டுபிடிக்க வேண்டிய ஒன்றாக இருந்தது. அதைத் துல்லியமாக்கத் தூய சிலிக்கான்-28 ஐசோடோப்பில் ஏறக்குறைய ஒரு கிலோ எடையுள்ள கோளங்களைச் செய்து, எக்ஸ் கதிரால் அணுக்களின் இடைவெளியை அளந்து, உள்ளே எத்தனை அணு என்று கணக்கிட்டார்கள். 2019 மே 20 முதல் வரையறை மாறிவிட்டது. 6.02214076 × 10²³ துகள்கள் என்றால் ஒரு மோல், கூட ஒன்றில்லை, குறைய ஒன்றில்லை. இனி 12 கிராம் என்பதைத்தான் அளந்து பார்க்க வேண்டும். வித்தியாசம் எந்தப் பள்ளித் தராசுக்கும் எட்டாத அளவு சிறியது என்பதால் பழைய வரையறையில் கணக்குப் போட்டாலும் விடை மாறப்போவதில்லை.

விடை மாறுவது வேறொரு இடத்தில். ஒரு மோல் வாயுவின் பருமன் 22.4 லிட்டரா, 22.7 லிட்டரா என்று குழம்பாத பிளஸ் ஒன் மாணவர் குறைவு. இரண்டும் 0 டிகிரி செல்சியஸில்தான். அழுத்தம் 1 அட்மாஸ்பியர் என்றால் 22.4, 1 பார் என்றால் 22.7. திட்ட அழுத்தத்தை 1 பார் என்று சர்வதேச வேதியியல் ஒன்றியம் 1982-இல் மாற்றிக்கொண்டது. பழைய கைடுகள் மாற்றிக்கொள்ளவில்லை.

பெர்மாங்கனேட் டைட்ரேஷனின் வைவாவில் இண்டிகேட்டர் எது என்று கேட்டால், பெர்மாங்கனேட்டே தன்னைக் காட்டிக்கொடுக்கும் என்று எல்லோரும் சொல்லிவிடுகிறார்கள். அடுத்த கேள்வியாக, நிறத்தை நிற்க வைத்த அந்தக் கடைசித் துளியில் எத்தனை பெர்மாங்கனேட் அயனி இருந்தது என்று கேட்கலாம். சூத்திரம் மனப்பாடம் இல்லாதவரும் போடக்கூடிய கணக்கு இது. பியூரெட்டிலிருந்து விழும் ஒரு துளி சுமார் 0.05 மில்லி. 0.1 நார்மல் பெர்மாங்கனேட் என்றால் 0.02 மோலார். பெருக்கினால் ஒரு மோலில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு, அதாவது 6,000 கோடி கோடி அயனிகள். அப்போது குடுவையில் இருக்கும் கரைசல் மொத்தம் 60 மில்லி. அதை வெறும் தண்ணீர் என்றே வைத்துக்கொண்டால் 33 லட்சம் தண்ணீர் மூலக்கூறுகளுக்கு ஒரு பெர்மாங்கனேட் அயனி. அந்த ஒன்றே குடுவை முழுவதையும் இளஞ்சிவப்பாகக் காட்டப் போதுமானது. அரை நிமிடம் அந்த நிறம் நின்றால் ரீடிங் எடுத்துவிடலாம். பியூரெட்டில் ஒரு கோட்டுக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி 0.1 மில்லி, இரண்டே துளி.